உள்பக்கப் பிடி

சிலருக்குக் கரப்பான்பூச்சியைக் கண்டால் பயம். எனக்கு ஒற்றை டெண்டரைக் கண்டால் பயம். பெட்டியைத் திறக்கும்போது ஒரே ஓர் உறை கிடந்தால், போட்டி இல்லை என்று டெண்டரையே ரத்து செய்துவிடுவார்கள். மறுபடி விளம்பரம், மறுபடி விளக்கம்.

ரோந்துக் கப்பலின் கீழ்த்தளக் கதவுகளுக்கான டெண்டர் அப்படி இரண்டு முறை ரத்தானது. தண்ணீர் புகுந்தால் அடைக்கும் இரும்புக் கதவுகள்.

"இன்னொரு தடவை ஒத்தை உறை வந்துதுன்னா, அந்தப் பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு நீங்களும் வெளிய போகலாம்" என்றார் மேலாளர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நிபந்தனைகளைப் படித்தேன். 'கதவின் இருபுறமும் திறக்கும் பிடி' என்றிருந்தது. அப்படிச் செய்ய ஒரே ஒரு பட்டறையால்தான் முடியும். 'இருபுறமும்' என்பதை 'வெளிப்புறம்' என்று மாற்றித் தட்டச்சு செய்தேன். மூன்றாம் முறை என்பதால் யாரும் மறுபடி படிக்கவில்லை. நான்கு உறைகள் வந்தன. மேலாளர் என் முதுகில் தட்டினார்.

மாப்பிள்ளைதான் கண்டுபிடித்தார். என் ஒரே மகளின் கணவர், அந்தக் கப்பலில் எஞ்சினியர். வெள்ளோட்டத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தார்.

"மாமா, கீழ எஞ்சின் ரூம் கதவுல உள்பக்கம் பிடியே இல்ல. சாத்தினா எலிப்பொறிதான்."

"எழுதிக் குடுத்துட்டீங்களா மாப்ள?"

"உங்க செக்‌ஷன் சமாச்சாரம். உங்களைக் கேக்காம எப்படி?"

"நல்லதாப் போச்சு. நான் மேல எழுதிடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

தங்கமான பிள்ளை. யாரிடமும் சொல்லவில்லை.

நான் எழுதவில்லை. கதவைக் கழற்றினால் கோப்பைத் திறப்பார்கள்; கோப்பைத் திறந்தால் நான் இருப்பேன். பழைய நிபந்தனைத் தாளை மட்டும் எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளோட்டத்தில் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. வெளியே நின்றவர் விதிப்படி கதவைச் சாத்திவிட்டு மேலே ஓடினார். எல்லாக் கப்பலிலும் போல உள்ளே இருப்பவர்கள் திறந்துகொண்டு வருவார்கள் என்று நினைத்திருக்கிறார். உள்ளே ஆறு பேர். கதவின் உள்பக்கம் முழுக்கச் ஸ்பேனரால் அடித்த பள்ளங்கள் இருந்தனவாம்.

மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். "அப்பா, அன்னைக்கு வந்தப்ப உங்ககிட்ட என்ன பேசினாரு?" என்று தினமும் கேட்கிறாள். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆறு பேரையும் நான்தான் கொன்றேன் என்றே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்: அந்த டெண்டரில் போட்டி நியாயமாக நடந்தது.