மஞ்சள் போடாத சொதி கிடைக்குமோ?

மேனுஷா: வெறும் இடியப்பத்தை ஏன் இப்பிடிப் பிச்சுப் பிச்சுச் சாப்பிடுறியள்? சொதியாவது விடுங்கோவன்.

பிரியந்தன்: மஞ்சள் போட்டிருக்கினம்... வேண்டாம்.

மேனுஷா: மஞ்சளோட என்ன கோவம்? தேத்தண்ணியும் வேண்டாமெண்டிட்டு...

பிரியந்தன்: மெல்லக் கதையுங்கோ. அங்கால மேசையில உங்கட அம்மாவும் என்ர அம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கினம்.

மேனுஷா: முதல்ல வாயிலயிருந்து கையை எடுங்கோ. மாப்பிள்ளை பாக்க லண்டனைக் குறுக்கால கடந்து வெம்பிளியிலயிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு வந்தது உங்கட புறங்கையைப் பாக்கவோ?

பிரியந்தன்: ...சரி, சொல்லிப்போடுறன். பிறகு எழும்பிப் போனாலும் குறை நினைக்கமாட்டன்.

மேனுஷா: ஐயோ! ஏற்கெனவே கலியாணம் கட்டி...

பிரியந்தன்: சீச்சீ! பல்லு. முன்பல்லு ஒண்டு. கிரிக்கெட் பந்து பட்டு ரூட் கனால் செய்தது. நோவு போயிட்டுது, பல்லு கறுத்துப் போச்சு.

மேனுஷா: அதுதான் போட்டோவில உம்மெண்டு...

பிரியந்தன்: ஓம். இப்ப பல்லுக்குள்ள வெளுக்கிற மருந்து வைச்சு அடைச்சிருக்கு. மஞ்சள், தேத்தண்ணி பட்டால் திரும்பக் கறை பிடிச்சிடுமாம். நாலு தரம் மாத்தவேணுமாம். ரெண்டு தரம்தான் முடிஞ்சுது. பொறுப்பமெண்டால் அம்மா விட்டால்தானே! ஆடி பிறந்திடுமாம்.

மேனுஷா: பல்லுக்கும் சேத்து நாள் பாத்திருக்கலாம்.

பிரியந்தன்: பகிடி விடாதேங்கோ. ஈஸ்ட் ஹாமில பல்லு டொக்டரிட்டப் போனால் கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும். அதாலதான் வெம்பிளிக்குப் போனனான்.

மேனுஷா: எங்கட வெம்பிளிக்கோ?

பிரியந்தன்: ஓம். அங்க என்னை ஆருக்குத் தெரியும்?

மேனுஷா: அதுவும் சரிதான்... எங்க, சிரியுங்கோ பாப்பம்.

பிரியந்தன்: ஏலாது.

மேனுஷா: சும்மா ஒருக்கா...

பிரியந்தன்: ...ஈ.

மேனுஷா: பரவாயில்லையே! பால் விடாத பிளேன் ரீ நிறம் மாறி, பால் தேத்தண்ணிக்கு வந்திட்டுது.

பிரியந்தன்: உண்மையாவோ! ...பொறுங்கோ. முந்தி என்ன நிறமெண்டு உங்களுக்கு எப்பிடி...

மேனுஷா: "பாக்கப்போற பொம்பிளை போட்டோவில ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கிறா, ஆளைப் பிடிச்சிருக்கு, ஆனா இந்தப் பல்லைக் கண்டால் பிரம்பெடுப்பா, காப்பாத்துங்கோ டொக்டர்" எண்டு அழாக்குறையாக் கேட்டது ஆரு?

பிரியந்தன்: கடவுளே... அந்த அறையில டொக்டரும் மாஸ்க் போட்ட ஒரு நேர்ஸும்தானே! நீங்கள் ஆஸ்பத்திரி நேர்ஸ் எண்டெல்லோ அம்மா சொன்னவ?

மேனுஷா: ஆஸ்பத்திரி எண்டால்தான் எடுப்பெண்டு எங்கட அம்மா சொல்லியிருப்பா. சிரிப்பை அடக்கேலாமல், எச்சில் உறிஞ்சுற குழாயை உங்கட மூக்கில வைச்சது நான்தான். இந்தச் சம்மந்தம் வேண்டாமெண்டு ரெண்டு மாசமா ஒற்றைக்காலில நிண்டவள், அண்டைக்குப் பின்னேரமே வீட்டை போய் ஓமெண்டிட்டன்.