தத்சமயம்

ஐஸ் குச்சியில் வீடு கட்டுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை, மேடம். பசை காயும்வரை பொறுமை வேண்டும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் பள்ளிக்கூடம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் கைவேலையைத் தாய்மார் நாங்கள் செய்கிறோம். ஊரறிந்த ரகசியம்தான்.

என் மகள் ஆதிரா ஒன்றாம் வகுப்பில் செய்த தொட்டில், மூன்றாம் வகுப்பில் செய்த மயில், ஐந்தாம் வகுப்பில் தெர்மோகோலில் செய்த நெய்யாறு அணை எல்லாம் நான் செய்தவை. அணைக்கு ஷட்டர்கூடத் திறக்கும். ஒரு தடவை அவளே ஆசைப்பட்டுத் தண்ணீருக்கு நீலம் அடித்தாள். கோணல்மாணலாக இருந்தது. அதை உரித்துப் போட்டுவிட்டு நான் அடித்தேன். அதன்பிறகு அவள் ஆசைப்படவில்லை; சமர்த்தாக டிவி பார்த்தாள். ஜெஸி டீச்சர் அசெம்பிளியில் அவள் கையைத் தூக்கிக் காட்டி, தங்க விரல் என்று பாராட்டினாராம். கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. விரல் யாருடையது என்பதெல்லாம் அற்ப விஷயம்.

இந்த வருடம் ஆறாம் வகுப்பு. நெய்யாற்றின்கரையில் நடக்கும் சப்-ஜில்லா கைவேலை மேளாவில் காகிதப் பூ செய்யும் போட்டிக்கு டீச்சர் அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்பில் ‘தத்சமய மத்ஸரம்’ என்று மலையாளத்தில் இருந்தது. நான் பாறசாலையில் தமிழ் மீடியத்தில் படித்து, அம்பூரிக்குக் கல்யாணமாகி வந்தவள். மலையாளம் பேசுவேன், வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான். தற்சமயம் நடக்கும் போட்டி என்று எடுத்துக்கொண்டேன். நியாயமாகத்தானே படுகிறது? பத்து நாள் உட்கார்ந்து நாற்பது தாமரை செய்தேன்.

மேளாவுக்கு முந்திய நாள் மதியம் பக்கத்து வீட்டு ரெஜிலா வந்தாள். அவள் மகனும் அதே வகுப்பு. தாமரைகளைப் பார்த்துச் சிரித்தாள்.

“எக்கா, இதயெல்லாம் கொண்டுபோவ முடியாதாக்கும். தத்சமயம்னா அங்ஙனயே இருந்து பிள்ளையளே செய்யணும். மூணு மணிக்கூறு உண்டு. ஜட்ஜு முன்னால நிப்பாரு.”

ஆதிராவுக்குக் கத்தரிக்கோலில் எந்தப் பக்கம் விரல் நுழைப்பது என்றே தெரியாது. மூன்று மணி நேரம் முழித்துக்கொண்டிருப்பாள். டீச்சர் பார்ப்பார். ரெஜிலா பார்ப்பாள். ஐந்து வருடத்து மெடல் அத்தனையும் பொய் என்று ஒரே காலையில் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளையை அப்படிச் சந்தி சிரிக்க விடுகிறவள் நானல்ல. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம். அடுத்த வருடமும் மேளா வருமே. எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் இருக்கிறது. இரண்டு இரும்பு உருளை, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. என் வீட்டுக்காரர் சிஜு கடைக்குப் போயிருந்தார். ஆதிராவைக் கூப்பிட்டேன்.

“மக்கா, வலது கைய இதுல கொஞ்சம் வை, பாப்போம்.”

வைத்தாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. “இது மேளாவுக்காம்மா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை. முக்கால் சுற்று போதுமானதாக இருந்தது.

மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்கிறார். இனி யாரும் அவளிடம் எதையும் செய்துகாட்டச் சொல்ல மாட்டார்கள். அந்த நிம்மதியை ஒரு தாய்தான் கொடுக்க முடியும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, “நானே இடது கையால சுத்தி விளையாடினேன்” என்றாள் ஆதிரா. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைக் காப்பாற்ற அவளாகவே யோசித்துச் சொன்ன பொய். கண் கலங்கிவிட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் வலது கை உருளைக்குள் இருக்கும்போது இடது கை அந்தக் கைப்பிடிக்கு எட்டாது. சின்னப் பிள்ளைதானே, கவனிக்கவில்லை. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஒழுங்காகத் திருத்திக் கொடுத்தேன். சைல்டு லைனிலிருந்து விசாரிக்க வந்து நீங்கள் கேட்டபோது ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாளே, மேடம். அதில் என்ன குறை கண்டீர்கள்?