தீயணைப்பு ஆபீசர் கேட்ட வாசல்

இல்ல கண்ணு, மன்னிப்பெல்லாம் கேக்காத. மொதல்ல கோட்டைக் கழட்டு. வாசல்லயே நின்னுக்கிட்டு, தப்பாப் போச்சு பெர்லாம்மா, தப்பாப் போச்சுன்னு அழுதா நான் என்னன்னு நெனைக்கறது? யாரோ செத்துட்டாங்கன்னு பதறிப் போயிட்டேன். ஒரு வாசல் விஷயந்தானே? உக்காரு. கசகசா கேக் இருக்கு, காலையில பண்ணது. இன்னிக்கு வெள்ளிக்கெழமை, சூரியன் எறங்கறதுக்குள்ள நான் விளக்கேத்தணும். அதுவரைக்கும் பேசலாம்.

அந்தப் பிளானை விரி. என் கண்ணாடி எங்க... தலையிலயா? பாத்தியா, எழுபத்தாறு வயசு.

ம். இது எங்க பேக்கரி அடுப்பு. இது அப்பா கட்டின பொய்ச்சுவரு. ரெண்டுக்கும் நடுவுல இந்தச் சந்து, யுத்த காலத்துல இதுலதான் நாங்க ஒளிஞ்சிருந்தோம். நான் ரெண்டரைச் சாண் அகலம்னு சொன்னேன், நீயும் ரெண்டரைச் சாண்தான் வச்சிருக்க. கூரைய ரெண்டு தடவை எறக்கச் சொன்னேன், மொகம் சுளிக்காம எறக்கின. பேக்கரிய இடிச்சு நாப்பது வருஷமாச்சு கிங்கா, அங்க ஒரு செங்கல் மிச்சமில்ல. அந்த எடத்துல மியூசியம் கட்டி, அதுக்குள்ள அந்தச் சந்தை என் வாய் ஒண்ணையே நம்பி நீ எழுப்பற. நெனைச்சா ராத்திரி தூக்கம் வரல. பெருமையில இல்லம்மா.

சரி, அந்தத் தீயணைப்பு ஆபீசர் என்னதான் சொன்னாரு?

ஓ. ஜனங்க நொழையற ரூம் எதுவானாலும் ரெண்டு வழி வேணுமா? ஒண்ணு அடைஞ்சா இன்னொண்ணு. நல்ல சட்டந்தானே. அது சரி, நீ பலகையில செஞ்சு வச்ச மாதிரி அறைக்குள்ள அவரு போயி தொப்பை மாட்டிக்கிட்டாராமே? சிரிக்காத, அப்புறம் நானும் சிரிச்சிடுவேன். பாவம், வெளிய இழுத்தப்ப சட்டைப் பொத்தான் ரெண்டு போயிடுச்சாமே.

அந்த ரெண்டாவது வாசலுக்குப் பூட்டு உண்டா?

கூடாதா? உள்ளேர்ந்து கை வச்சுத் தள்ளினாலே தொறந்துக்கணுமா? சின்னப் புள்ள தள்ளினாக் கூடவா? ஆறு வயசுப் புள்ள? சரி, சரி. சும்மா கேட்டேன்.

நீ என்ன முடிவு பண்ணிருக்க? என்னது, அறையே வேண்டாமா? தரையில ஒரு கோடு மட்டும் கிழிச்சு, இங்க மூணு பேர் ஒளிஞ்சிருந்தாங்கன்னு எழுதி வச்சுடறதா? ஏன்? நான் ஒரே வழிதான்னு சொன்னேன், அதனால இல்லாத கதவை வச்சுப் பொய் சொல்ல மாட்டேங்கற. அந்த ஆபீசர்கிட்ட ஆறு மாசம் சண்டை வேற போட்டிருக்க. கிங்கா, நீ ரொம்ப நல்ல பொண்ணு. உங்க அம்மா குடுத்து வச்சவங்க.

கோடு வேண்டாம்மா. கோட்டுக்கு மேல ஜனங்க மிதிச்சிட்டுப் போவாங்க. எங்க மாமெக்கும், அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், என் தங்கச்சி ஃபைகாவுக்கும் ஒரு கல்லறை கெடையாது. கல்லு கெடையாது. தலைமுடி ஒண்ணு கூட கெடையாது. நீ கட்டற அந்த ரெண்டரைச் சாண்தான் அவங்களுக்கு வீடு. அதை எடுத்துட்டீன்னா அவங்க எங்க போவாங்க?

டீயைக் குடி. எலுமிச்சம்பழம் போட்டுக்கோ.

நான் குடுத்த வாக்குமூலம் பையில இருக்கா? படி. ஆமா... ஆமா. அப்பாவை முந்தின வருஷமே முகாமுக்கு ரயில்ல ஏத்திட்டாங்க. எங்க யூதத் தெருவைக் காலி பண்ண ஜெர்மன்காரங்க வந்த அன்னிக்கு நான் தண்ணி எடுக்க வெளிய போயிருந்தேன். திரும்பி வந்தப்ப சுவரை ஒடைச்சிருந்தாங்க. உள்ள போக வர அலமாரிக்குப் பின்னாடி ஒரே வழி, அதனால அம்மாவும் தங்கச்சியும் தப்பிக்க முடியல. அவ்வளவுதானே? அறுபத்தொண்ணாம் வருஷம் யுத்தக் குற்ற விசாரணைக்காரங்ககிட்ட இதையே சொன்னேன். பள்ளிக்கூடப் புள்ளைங்ககிட்ட சொன்னேன். அமெரிக்காவுலேர்ந்து கேமராவோட வந்தவங்ககிட்ட சொன்னேன். உன்கிட்ட சொன்னேன். எடுத்துப் பாரு, ஒரு வார்த்தை மாறியிருக்காது. உண்மையா இருந்தா எங்கியாவது கொஞ்சம் மாறியிருக்கும், இல்லியா?

ஒண்ணும் சொல்லல. கேக்கை எடுத்துக்கோ.

அந்த மேசையில மெழுகுவத்திய எண்ணிப் பாரு. மூணு. எல்லார் வீட்லயும் ரெண்டுதான். ஒரு வெள்ளிக்கெழமை விளக்கேத்தத் தவறிட்டா, அந்தப் பொம்பளை அப்புறம் ஆயுசு பூரா ஒண்ணு கூடுதலா ஏத்தணும். எங்க வழக்கம் அது. நீ எந்த வெள்ளி தவறின பெர்லான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. மரியாதைக்காக்கும்.

அந்தத் தகரக் கூஜா, தண்ணி எடுத்துட்டு வந்ததுன்னு கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கியே, கீழ லைட்டெல்லாம் போட்டு. அதை எடுத்துடு கண்ணு. அது ஞாயித்துக்கெழமை சந்தையில வாங்கினது. விசாரணைக்கு வரச் சொன்னாங்களா, போறப்ப கையில எதாவது இருக்கணும்னு தோணிச்சு.

அப்படிப் பாக்காத என்னை. பென்சிலை எடு.

இங்க, இடது மூலையில. தரையோட ஒட்டி. இல்ல, அவ்வளவு ஒசரம் இல்ல, இன்னும் கீழ. அடுப்புச் சாம்பலைக் கொல்லைப் பக்கம் வாரித் தள்ற ஓட்டை அங்க இருந்துச்சு. சுவரு எழுப்பறப்ப அப்பா அதை மட்டும் அடைக்கல. ஒரு வழி இருந்தா அது பொறி, ரெண்டு வழி இருந்தாத்தான் அறைன்னாரு. உன் ஆபீசர் சொன்ன அதே பேச்சு. படிக்காத மனுஷன், ரொட்டி சுடறவரு, அவருக்கும் அந்தச் சட்டம் தெரிஞ்சிருக்கு. நான் பாரு, அவரு யோசிச்சு வச்ச வாசலை அறுபத்தி மூணு வருஷமா இல்லவே இல்லன்னு சொல்லிட்டிருக்கேன்.

ஆமா. நான் உள்ளதான் இருந்தேன்.

அன்னிக்கும் வெள்ளிக்கெழமைதான். அலமாரிய நகத்தற சத்தம் கேட்டுச்சு. மாமெ பெரிய ஒடம்பு, அவங்களால அதுல நொழைய முடியாது. நீ மொதல்ல போ பெர்லா, வெளிய நின்னு சின்னவளை இழுன்னாங்க. எனக்குப் பதிமூணு வயசு. போனேன். ஃபைகா பின்னாலயே தவழ்ந்து வந்தா. அந்த ஓட்டைக்கு வெளிப்பக்கம் ஒரு இரும்பு மூடி, வெளியேர்ந்துதான் போட முடியும், வெளியேர்ந்துதான் எடுக்க முடியும். உன் ஆபீசர் பாத்திருந்தா விட்டிருக்கவே மாட்டாரு. கொல்லை முக்குல பூட்ஸ் சத்தம். ஃபைகாவோட விரல் நாலும் வெளிய வந்துடுச்சு, சாம்பல் ஒட்டிக்கிட்டு. நான் அதை உள்ள தள்ளிட்டு மூடியப் போட்டுட்டேன்.

அவளை மறைக்கத்தான் போட்டேன்னு வெள்ளிக்கு வெள்ளி ஆண்டவன்கிட்ட சொல்றேன். அவரு கேட்டுக்கறாரு.

எழுதிக்கோம்மா, மறந்துடப் போற. அகலம் என் கையால ரெண்டு சாண். உன் சட்டத்துக்குப் பத்தாதுன்னா பெருசாவே வை, ஆனா எடம் அதே மூலை. மூடி வேண்டாம். உள்ளேர்ந்து தள்ளினாத் தொறக்கணும். நீ முடிச்சதும் என்னைக் கூட்டிட்டுப் போ, நான் உள்ள குனிஞ்சு ஒரு தடவை தள்ளிப் பாக்கணும்.

நீ எழுதின காகிதத்துல எங்கன்னு காட்டு, கையெழுத்துப் போடறேன். பழைய வாக்குமூலத்தைக் கிழிக்காத. பக்கத்துல வை, ரெண்டையும் படிக்கட்டும்.

அதென்ன, ஆபீசர் குறிச்ச வாசலுக்கு மேல பச்சையா? லைட்டா? ஓ, எப்பவும் எரிஞ்சிட்டே இருக்கணுமா. இதுதான் அறையோட இருட்டையே கெடுத்துடும்னு அழுதியா? இங்க தள்ளு, ஜன்னல் வெளிச்சத்துல பாக்கறேன். ஒரு ஆளு ஓடற மாதிரி படம்.

ஒத்தை ஆளுதானே கண்ணு இதுல? பின்னால யாரும் வரலியே?

சரியாத்தான் வரைஞ்சிருக்காங்க. அப்படியே வை.