பாய்க்கு அடியில் வந்த தண்ணீர்

இந்தப் புறவழிச்சாலைத் திட்டத்துக்குக் கை தூக்குறதுக்கு முன்னாடி... ஒரு சின்னக் கதை கேட்டுருங்க.

ஞானப்பிரகாசம்னு ஒரு திட்ட அதிகாரி. நல்ல மனுஷன்யா! லஞ்சம்னா என்னன்னே தெரியாது. ஒரு ஏரியை ஒட்டி ரோடு போடணும்னாங்க. சித்திரை மாசம் போய்ப் பாத்தாரு. ஏரி காஞ்சு கெடக்கு. "இந்த ஒரு ரோட்டால என்ன பாதிப்பு? ஒண்ணுமில்ல." கையெழுத்து! அப்புறம் பஸ் ஸ்டாண்டு. மறுபடியும் சித்திரை. "இந்த ஒரு பஸ் ஸ்டாண்டால என்ன பாதிப்பு? ஒண்ணுமில்ல." அப்புறம் ஏரிக்குள்ளயே ஒரு நகர்... "இந்த ஒரு நகரால..." நீங்களே சொல்லுங்க! ஆங்... ஒண்ணுமில்ல.

அந்த நகர்லயே வீடு கட்டிக் குடி போனாரு. அவ்வளவு நம்பிக்கை!

ஐப்பசி. பட்டப்பகல். ஆபீசுக்குப் போன் வருது. மனைவி ரெஜினா.

"என்னங்க... தரைக்குள்ள யாரோ தட்டுறாங்க."

"எலியா இருக்கும்மா."

"எலி இப்படியா தட்டும்? பாப்பா படுத்திருக்கிற பாய்க்கு அடியிலங்க... டொக்... டொக்குனு..."

சிரிச்சுக்கிட்டே வச்சுட்டாரு. மறுபடியும் போன்.

"டைல்ஸ் தூக்குதுங்க... தண்ணி வருது..."

"அங்க மழையா?"

"மழையா? கொடியில துணி காயுதுங்க!"

வானத்துல பொட்டு மேகம் இல்ல. மழை பேஞ்சது மேற்க, மலையில. தண்ணி தன் பழைய இடத்தைத் தேடி வந்திருக்கு. ஒரு பக்கம் ரோடு மறிக்குது, ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்டு மறிக்குது. எங்க போகும்?

விழுந்தடிச்சு ஓடி வர்றாரு. வீட்டுக்குள்ள நெஞ்சளவு தண்ணி. சத்தமே இல்ல. பாய் மிதக்குது... பாய்ல பாப்பா இல்ல.

"ரெஜினா!"

...

பரண் மேல இருந்து ஒரு குரல். "கத்தாதீங்க. இப்பத்தான் அழுது தூங்குனா." பாப்பாவத் தோள்ல சாச்சுக்கிட்டே, "எல்லாத்தையும் கட்டுனா தண்ணி எங்க போகும்னு யாருமே கேக்கலியாங்க?"



அவரு பொய் சொல்லலய்யா! தனித்தனியா கேட்டாரு, தனித்தனியா ஒண்ணுமில்லன்னாரு. அத்தனை ஒண்ணுமில்லையும் சேந்துதான் புள்ள படுத்த பாயத் தூக்குச்சு. இன்னைக்கு நம்மகிட்ட புறவழிச்சாலை மட்டும்தான்ங்குறாங்க. அடுத்தது சந்தை. அதுக்கடுத்தது? மொத்தத் திட்டத்தையும் இந்த மேஜையில வைக்கச் சொல்லுங்க. ஐப்பசியில வந்து பாக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் கை தூக்குங்க.

இந்த மண்டபம் நிக்கிற எடமும் குளமா இருந்ததுதான். கொஞ்சம் பேசாம இருங்க...

காலுக்குக் கீழ... கேக்குதா?