டப்ளினில் பக்கத்து வீடு

லா சப்பல் நிலையத்தில் மெத்ரோ ரயிலில் ஏறியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள், மடியில் ரூ காய் தெருத் தமிழ்க் கடைப் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தங்கை டப்ளினிலிருந்து வந்திருப்பவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"வெளிநாட்டாக்களைத் திருப்பி அனுப்பவேணும் எண்ட ஆளுக்கு வோட்டுப் போட்டிட்டு, பக்கத்து வீட்டு மனிசி நேரை எங்கட வீட்டை தேத்தண்ணி குடிக்க வந்தவ."

"ஐரிஷ்காரியோ?"

"ஓம். என்ர பிள்ளையைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வாறதும் அவதான்."

"பிறகேன் அப்பிடிப் போட்டவ?"

"அவவின்ர மகள் பிள்ளையளோட அவவின்ர வீட்டு ஹோலுக்குள்ளைதான் படுக்கிறா. நகரசபைக் கவுன்சிலிட்டை வீடு கேட்டுக் கன வருஷம். எங்கட றோட்டிலை இருந்த ஹோட்டலை அகதியளுக்குக் குடுத்திட்டினம். பணக்காரர் இருக்கிற பக்கம் ஒண்டும் குடுக்கேல்லையாம்."

"நீ ஆருக்குப் போட்டனி?"

"வீடு கட்டுவன் எண்ட ஆளுக்கு. அவவின்ர மகளையும் நினைச்சுத்தான்."

வண்டி தண்டவாளங்களுக்கு மேலே மிதப்பதுபோல் மெல்லப் போனது. கண்ணாடியில் நகரத்து விளக்குகள் நனைந்து வழிந்தன.

"அந்த மனிசி போட்டவன் வெண்டவனோ?"

"இல்லை, தோத்திட்டான்."

"வெண்டு உன்னையும் அனுப்பியிருந்தால்?"

"கேட்டனான். 'உன்னை இல்லை, நீ என்ர பக்கத்து வீடெல்லோ' எண்டா."

"அவவுக்குப் பக்கத்து வீடு. அவனுக்கு?"

"அதையும் கேட்டனான். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழை வைச்சவ. பிறகு, 'அதை நான் யோசிக்கேல்லை' எண்டா."

"நம்பினியோ?"

தங்கை மடியில் சரிந்த பையை நிமிர்த்தி வைத்தாள்.

"ஓம் அக்கா. அண்டைக்கு வோட்டுப் போடேக்கை அவ மகளைத்தான் யோசிச்சிருப்பா."