மேசைக்கு அடியில் மேவிஸ்

பெயர்: கொரின் ஹால்வர்சன். வயது: 27. தொழில்: தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்வது. விலாசம்: ஸ்போக்கேன் நகரம், வாஷிங்டன் மாநிலம். வீடு கிடையாது, சாம்பல் நிற கார்.

மேற்கண்ட நான் குழந்தைகள் நல அதிகாரி முன்பு சொல்வது என்னவென்றால், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதால் சென்ற கோடையில் வீட்டைக் காலி செய்து, அதன் பிறகு நானும் என் நாலு வயது மகள் மேவிஸும் காரிலேயே குடியிருந்து வந்தோம். பகலெல்லாம் அடுத்தவர் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறேன், ராத்திரி என் பிள்ளை பின்சீட்டில் படுத்தது. இதை இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்வது, வாய் வலிக்கிறது.

கடைகளுக்கு முன்னால் காரை நிறுத்தித் தூங்கினால் போலீசார் டார்ச் அடித்து எழுப்பி விரட்டுவார்கள். ஆகவே வெளிச்சம் பட்டால் மூச்சுக் காட்டாமல் படுக்க வேண்டும் என்று மேவிஸுக்கு விளையாட்டாகப் பழக்கினேன். பழக்காமல் வேறு என்ன செய்ய?

அதன் பிறகு, வீடில்லாத பிள்ளைகளைக் காகிதம் எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் பாலர் பள்ளியில் அவளைச் சேர்த்தேன். முதலில் அங்கேயும் குசுகுசுவென்றுதான் பேசினாள். பிறகு ஒருநாள் ஆசிரியை ஓடெட், "கொரின், உன் பொண்ணு இன்னைக்குப் பாட்டுப் பாடி கத்துன கத்துல கூரையே பிச்சுக்கிச்சு போ" என்று சொன்னார். அன்று காரில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

சென்ற வியாழக்கிழமை வகுப்புக்கு ஒரு போலீஸ்காரரை அழைத்திருந்தார்கள், பெற்றோரும் வரலாம் என்றதால் நானும் பின்னால் நின்றேன். நல்ல மனிதர், தன் தொப்பியைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார், அதன் பிறகு அறை விளக்கை அணைத்து டார்ச்சை அடித்துக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மேவிஸ் மட்டும் பக்கத்துப் பையனையும் இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குப்புறப் படுத்து, "பேசாதடா, போயிடுவாங்க" என்றாள்.

அவர் குனிந்து, "வெளில வாடா கண்ணு, ஒண்ணுமில்ல" என்றார். அவள் எழுந்து, "மன்னிச்சுக்கங்க சார், இதோ கிளம்பிட்டோம்" என்று சொல்லிவிட்டுத் தன் கோட்டை எடுக்கப் போனாள். அது இரவில் போலீசார் எழுப்பும்போது நான் சொல்கிற வார்த்தை.

அதன் பிறகு ஓடெட், என்னிடம் சொல்லிவிட்டுத்தான், உங்கள் துறைக்குப் போன் செய்தார். இப்படித் தெரிந்தால் ஆசிரியர் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று மாலையே பிள்ளையை வாங்கிக்கொண்டீர்கள். இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு குடும்பம் அவளை வைத்துக்கொள்ளத் தயார், தனி அறை உண்டு என்கிறீர்கள். அறை நல்லதுதான். அங்கிருந்து இந்தப் பள்ளிக்கு வர முடியாதே. புது இடத்தில் மறுபடியும் குசுகுசுவென்று ஆகிவிடுவாள்.

என்னிடமே விடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். விட மாட்டீர்கள் என்றால் இந்த ஊரிலேயே யார் வீட்டிலாவது வையுங்கள். நான் பார்க்க வரக்கூடாது என்றாலும் சரி, காலையில் அந்த வகுப்பில் கொண்டுவந்து விட்டுவிடுங்கள்.

இதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். "பிள்ளையைக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்று அவர் எழுதியிருந்த வரியை அடிக்கச் சொன்னேன், அடித்தார். மீதி எல்லாம் நான் சொன்னது, உண்மை.

(ஒப்பம்) கொரின் ஹால்வர்சன், மேவிஸின் தாய்