அம்பதுல நாலு ஈ

இல்ல சார், முனிசிபாலிட்டி கார்டைத் தூரத்துலேர்ந்து காட்டிட்டு உடனே உள்ள வெச்சா எப்படி? இப்படிக் குடுங்கோ, கண்ணாடி போட்டுண்டு பாத்துடறேன். ம்... மூஞ்சி சரியாத்தான் இருக்கு, மீசைதான் போட்டோல இல்ல. சரி, வாங்கோ. செருப்பு அங்கயே இருக்கட்டும். ஓரத்துல இருக்கற பம்பை மட்டும் தொட்டுடாதீங்கோ, ரோஜாவுக்கு அடிக்கற மருந்து அதுல இருக்கு.

சித்தூரா? அப்ப தமிழ் நன்னாவே புரியும். நீங்க தெலுங்குலயே பதில் சொல்லுங்கோ, இந்தக் குஷாய்குடாவுல நாப்பது வருஷமா இருக்கேன், எனக்கும் புரியும். ஹவ், ஆமாம், கம்ப்ளெயிண்ட் எழுதினது நான்தான். லக்ஷ்மிநாராயணன். இன்னிக்கு சாயந்தரம் பால்கார கிரியோட எருமைக் கொட்டாய்க்கு சீல் வெக்கப் போறேள், அதுக்கு முன்னாடி என் ஸ்டேட்மெண்ட் வேணும், அதானே? தரேன். அவன் உங்களுக்கு டீ குடுத்தானா? குடிச்சேளா? சும்மாதான் கேட்டேன். பால் கெட்டியா இருந்திருக்குமே. எங்காத்துக்கு வர்ற பாலை நான் மீட்டர் விட்டுத்தான் பாக்கறது.

கோவிச்சுக்காதீங்கோ. இங்க பாக்டரில, இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்ல முப்பத்திரண்டு வருஷம். வெளிலேர்ந்து வர்ற சாமானை நான் பாத்து சரின்னாதான் உள்ள போகும். யார் பேச்சையும் நம்பமாட்டேன், சாம்பிள் எடுத்தாதான் நம்புவேன். கல்யாணப் புடவையிலயே நூலைப் பிரிச்சுப் பாத்த மனுஷன்னு பட்டு, என் ஆத்துக்காரி, இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா.

அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வரேன். ஷர்மிளான்னு பேரு, பூச்சிகளைப் பத்திப் படிச்சிருக்காளாம். ஈத் தொல்லை தாங்கலைன்னு காலனில எல்லாரும் சண்டை போட்டதுக்கு அப்புறம் கிரிதான் கூட்டிண்டு வந்தான். ஒரு பையைப் பிரிச்சா. மரத்தூள். அதுக்குள்ள என்னன்னு நினைக்கறேள்? ஈக்கூடு. புழு ஈயாறதுக்கு முன்னாடி ஒரு ஓட்டுக்குள்ள அடங்கிக் கிடக்குமே, கோதுமை மணியாட்டமா, அது. ஈயை ஒழிக்க ஈக்கூட்டையே கொண்டுவராளேன்னு எனக்குத் திக்குன்னுது. இல்ல அங்கிள், ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் ஒரு சின்னக் குளவி முட்டை வெச்சிருக்கு, அந்தக் குஞ்சு உள்ள இருக்கற ஈயைத் தின்னுட்டுக் குளவியா வெளில வரும், அப்புறம் சாணிமேட்டுல இருக்கற மத்த கூட்டையெல்லாம் தேடிண்டுபோய் முட்டை வெக்கும், மனுஷாளைக் கொட்டாதுன்னா. சிரிச்சுண்டே சொன்னா. சிரிச்சுண்டே சொன்னதுலதான் எனக்கு சந்தேகம்.

சாணிமேட்டைச் சுத்தி சின்னச் சின்ன வலைப்பையில போட்டுத் தொங்கவிட்டா. அவ அந்தண்டை திரும்பினப்போ நான் ஒரு பிடி எடுத்துண்டுட்டேன். திருட்டா? சாம்பிள் சார். எண்ணி அம்பது. காப்பிப்பொடி பாட்டில்ல போட்டு, வாயை மல்துணியால கட்டி, முடிச்சு மேல சீட்டு ஒட்டி, கையெழுத்தும் தேதியும் போட்டு பாத்ரூம் ஜன்னல்ல வெச்சேன். நாலாம் நாள் பாக்கறேன், உள்ள நாலு ஈ பறக்கறது. அசல் ஈ. அம்பதுக்கு நாலுன்னா எங்க கணக்குல மொத்த லாட்டும் ரிஜெக்ட். அவகிட்டயோ கிரிகிட்டயோ ஒரு வார்த்தை கேக்கல. கண்ணால பாத்தாச்சு, அப்புறம் என்ன கேள்வி?

அதுக்கப்புறம் பத்தே நாள்ல காலனி முழுக்க ஈ. தட்டுல சாதம் போட்டா வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள உக்காந்துடறது. அந்தப் பொண்ணு ஈயைக் கொண்டுவந்து விட்டுட்டான்னு உங்களுக்கு எழுதினேன். இப்ப அவளை எந்தக் கொட்டாய்க்காரனும் உள்ள விடறதில்ல. கிரி பதினொரு எருமையை எங்க ஓட்டிண்டு போறதுன்னு தெரியாம உக்காந்திருக்கான்.

இருங்கோ, பேனாவை எடுக்காதீங்கோ. இதைப் பாருங்கோ. அதே பாட்டில். தூக்கிப்போட மறந்துட்டேன். முந்தாநாள் காலம்பற பல் தேய்க்கறச்சே பாத்தேன். கறுப்பா, எள்ளைவிடப் பொடிசா, துணிக்கு அடியில மொய்ச்சுண்டு இருக்கு. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன், இடுப்பு ஒடுங்கி இருக்கு. குளவி சார். நாப்பத்திமூணு. மூணு கூட்டுலேர்ந்து ஒண்ணும் வரல. யாரோ பாட்டிலை மாத்திட்டான்னுதான் முதல்ல தோணித்து. கிரியா, அந்தப் பொண்ணான்னு யோசிச்சேன். பட்டுவைக்கூடக் கேட்டேன், அதுலேர்ந்து அவ என்னோட பேசறதில்ல. ஆனா இந்த முடிச்சைப் பாருங்கோ. சீட்டு கிழியல. என் கையெழுத்து, என் தேதி. இதுல யார் மேல சந்தேகப்படறது?

நேத்திக்கு அவளுக்குப் போன் பண்ணினேன். குளவி கண்ணுல படாம தப்பிச்ச கூட்டுலேர்ந்து முதல்ல கொஞ்சம் ஈ வரும் அங்கிள், குளவி வர ரெண்டு மூணு வாரம் ஆகும், கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனேன்னா. கோவமாக்கூட சொல்லல. எனக்கு வெக்கமாப் போயிடுத்து.

என்ன கேக்கறேள்? அப்போ ஈ ஏன் ஜாஸ்தியாச்சுன்னா?

அது... ரிஜெக்ட் ஆன சரக்கை அப்படியே விட்டுவெக்கற பழக்கம் எங்க டிபார்ட்மெண்ட்ல கிடையாது சார். தெரியாம யாராவது எடுத்து மெஷின்ல மாட்டிடுவா. அன்னிக்கே உடைச்சுப் போட்டுடுவோம். வாசல்ல அந்தப் பம்பைப் பாத்தேளே. அஞ்சாம் நாள் காலம்பற, கிரி பால் ஊத்தப் போயிருக்கறச்சே, அதைத் தோள்ல மாட்டிண்டு போய் ஒவ்வொரு வலைப்பையா நனைச்சேன். மிச்ச மருந்தைச் சாணிமேட்டு மேல அடிச்சேன். பைக்குள்ள இருந்த குளவியும் போச்சு, மேட்டு மேல ஏற்கெனவே ஈப்புழுவைத் தின்னுண்டிருந்த பூச்சியெல்லாமும் போச்சு. அடியில இருந்த ஈப்புழுவுக்கு ஒண்ணும் ஆகல.

எழுதிக்கோங்கோ. காரணம்னு ஒரு கட்டம் காலியா விட்டிருக்கேளே, அதுல என் பேரைப் போடுங்கோ. கீழ நான் கையெழுத்துப் போடறேன்.